வுவுசெலா: ஒற்றைச் சுரத்தில் ஓர் அரங்கம்

2010ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் தேதி ஜோகன்னஸ்பர்க் நகரின் சாக்கர் சிட்டி அரங்கில் தென்னாப்பிரிக்காவும் மெக்சிகோவும் மோதிய உலகக் கோப்பைத் தொடக்க ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள், தங்கள் பெட்டியில்தான் ஏதோ கோளாறு என்று முதலில் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை. வர்ணனையாளரின் குரலுக்குப் பின்னால் ஒரே தடிமனில், ஒரே சுரத்தில், கலைந்த தேன்கூட்டைப் போன்ற இரைச்சல் 90 நிமிடங்களும் ஓயாமல் கேட்டது. ஆட்டத்தின் 55ஆம் நிமிடத்தில் சிபிவே சபலாலா அந்தத் தொடரின் முதல் கோலை அடித்தார். ஆட்டம் 1-1 என்று சமனில் முடிந்தது. ஆனால் மறுநாள் உலகெங்கும் பேசப்பட்டது அந்தக் கோலைப் பற்றி மட்டுமன்று, அந்த இரைச்சலைப் பற்றியும்தான். அந்த இரைச்சலை எழுப்பிய கருவியின் பெயர் வுவுசெலா.

கருவி என்று சொல்வதே சற்று மிகை என்று தோன்றும் அளவுக்கு அது எளிமையானது. ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் நீளமுள்ள நெகிழிக் குழல். ஒரு முனையில் உதடு வைக்கும் கிண்ணம் போன்ற வாய். மறுமுனை புனலைப் போல விரிந்திருக்கும். விரல் வைக்கத் துளைகள் இல்லை, அழுத்தக் கட்டைகள் இல்லை, உள்ளே அசையும் பாகம் எதுவும் இல்லை. ஆகவே சாதாரணமாக ஊதுபவர் அதிலிருந்து எழுப்பக்கூடியது ஒரே ஒரு சுரந்தான்.

இதை ஊதுவதற்கு மூச்சு வலு மட்டும் போதாது. முதன்முறை ஒன்றைக் கையில் எடுத்து, பலூனை ஊதுவது போலக் கன்னம் உப்ப ஊதிப் பார்த்தபோது எனக்கு வெறும் காற்றுதான் வந்தது. உதடுகளை இறுக்கமாகச் சேர்த்துக் கிண்ணத்தில் பதித்து, குழந்தைகள் விளையாட்டாக வண்டி ஓட்டும்போது வாயால் 'ப்ர்ர்ர்' என்று சத்தம் எழுப்புவார்களே, அதைப் போல உதடுகளை அதிரவிட வேண்டும். அப்படி அதிரவிட்டதும் கைக்குள் குழலே நடுங்குவது தெரியும். அடுத்த கணம் அந்த முரட்டுச் சுரம் பிடித்துக்கொள்ளும். நாதஸ்வரத்தில் சீவாளி செய்கிற வேலையை இங்கே ஊதுபவரின் உதடுகளே செய்கின்றன. சங்கும் கொம்பும் டிரம்பெட்டும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். குழல் நெகிழியால் ஆனதா, பித்தளையால் ஆனதா, விலங்கின் கொம்பா என்பது ஒலி பிறக்கும் முறையைப் பெரிதாக மாற்றுவதில்லை.

உதடு அதிர்வது மட்டுந்தான் என்றால் ஆளுக்கொரு சுரம் அல்லவா வர வேண்டும் என்று கேட்கலாம். அங்கேதான் குழலின் நீளம் வேலை செய்கிறது. உதடுகள் எழுப்பும் அழுத்த அலை குழலின் வழியாக ஓடி, விரிந்த முனையை அடைந்ததும் அதன் ஒரு பகுதி வெளியேறுகிறது, மீதி திரும்பி உதட்டை நோக்கி வருகிறது. திரும்பி வரும் அலை உதடுகளைச் சரியான கணத்தில் தள்ளிவிட்டால் அதிர்வு வலுப்பெறும்; தவறான கணத்தில் வந்தால் அடங்கிவிடும். ஊஞ்சலைத் தள்ளுகிறவர் அது தன்னிடம் வந்து திரும்பும் நொடிக்குக் காத்திருந்து தள்ளுவதைப் போன்றது இது. அலை குழலில் ஒருமுறை போய்வர ஆகும் நேரந்தான் அந்தக் கணத்தை முடிவு செய்கிறது என்பதால், ஒரே நீளமுள்ள குழல்களை யார் ஊதினாலும் ஏறக்குறைய ஒரே சுரமே வருகிறது. இதைத்தான் இயற்பியல் பாடத்தில் ஒத்ததிர்வு என்கிறோம்.

ஒரு சிறு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. 65 சென்டிமீட்டர் நீளமுள்ள கூம்பு வடிவக் குழலில் போய்வர 1.3 மீட்டர்; ஆகவே நொடிக்கு ஏறத்தாழ 264 அதிர்வுகள் வர வேண்டும். உண்மையில் அலை குழலின் வாயோடு நின்றுவிடாமல் சற்று வெளியே போய்த்தான் திரும்புகிறது. குழலும் துல்லியமான கூம்பு அன்று. அதனால் கணக்கைவிடச் சற்றுக் குறைவாக, 235 ஹெர்ட்ஸுக்கு அருகில் ஒலிக்கிறது. பியானோவின் நடு 'சி' கட்டைக்குச் சற்றே கீழே இருக்கும் பி ஃபிளாட் சுரம் அது. ஆணின் பேச்சுக்குரலைவிடச் சற்று மேலே, பெண்ணின் பேச்சுக்குரலுக்கு மிக அருகே வருகிற இடம். பின்னால் தொலைக்காட்சிக்காரர்கள் பட்ட பாட்டுக்கு இந்த இடமும் ஒரு காரணம்.

235 ஹெர்ட்ஸ் மட்டுமே ஒலித்திருந்தால் அது இவ்வளவு குத்தியிருக்காது. கூம்பு வடிவக் குழல் தன் அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு என எல்லா மடங்குகளிலும் மேற்சுரங்களை எழுப்புகிறது: 470, 705, 940 என்று அந்த ஏணி ஆயிரங்களைத் தாண்டி ஏறுகிறது. பலமாக ஊத ஊத மேற்படிகளில் இருக்கும் சுரங்களின் பங்கு கூடுகிறது. மனிதச் செவி மிகக் கூர்மையாக உணர்வது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை; வேகமாக ஊதப்படும் வுவுசெலா தன் ஆற்றலில் ஒரு பங்கை நேராக அந்தப் பகுதியில் கொண்டுவந்து கொட்டுகிறது. விரிந்த முனையோ உயர்ந்த அதிர்வெண்களைத் தங்குதடையின்றி வெளியே அனுப்புகிறது. அதுவும் ஊதுபவரின் முகம் திரும்பியிருக்கும் திசையில், அதாவது பெரும்பாலும் முன்வரிசையில் அமர்ந்திருப்பவரின் பிடரியை நோக்கி.

ஒரு குழல் இப்படி என்றால், பல்லாயிரம் குழல்கள் சேரும்போது என்ன ஆகிறது? நூறு பேர் ஊதினால் ஒருவர் ஊதுவதைப் போல நூறு மடங்கு சத்தமாகக் கேட்கும் என்று எண்ணுவது இயல்பு. காது அப்படி வேலை செய்வதில்லை. டெசிபெல் என்பது மடங்குகளை அளக்கும் அலகு. ஒரே இடத்தில் ஒரு குழலோடு இன்னொன்று சேர்ந்தால் 3 டெசிபெல்தான் கூடும். பத்து சேர்ந்தால் 10, நூறு சேர்ந்தால் 20. ஆகவே அரங்கின் இரைச்சலில் புதுமை அளவில் மட்டும் இல்லை, தன்மையில் இருக்கிறது. வார்ப்பிலுள்ள சிறு வேறுபாட்டாலும் உதட்டின் இறுக்கத்தாலும் ஒரு குழல் 233இல் ஒலிக்கும், அடுத்தது 236இல் ஒலிக்கும். இரண்டும் சேரும்போது ஒலி நொடிக்கு மூன்று முறை ஏறி இறங்கும்; இதற்கு விம்மல் என்று பெயர். ஆயிரக்கணக்கான குழல்களின் ஆயிரக்கணக்கான விம்மல்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது தனித்தனி ஏற்ற இறக்கங்கள் எல்லாம் கரைந்து, ஒரு சுரத்தைச் சுற்றித் தடித்துப் பரவிய ரீங்காரம் மட்டுமே மிஞ்சுகிறது. ஒருவர் மூச்சு வாங்க நிறுத்தும்போது மற்றவர் தொடங்கிவிடுவதால் அதற்கு இடைவெளியும் கிடையாது. தேனீக் கூட்டத்தோடு இதை ஒப்பிடுவது வெறும் உவமை அன்று. தேனீயின் சிறகடிப்பும் நொடிக்கு ஏறத்தாழ இதே எண்ணிக்கையில்தான் நிகழ்கிறது.

காதுக்கு இதனால் கேடு உண்டா என்றால், உண்டு. தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் அளந்தபோது வுவுசெலாவுக்கு இரண்டு மீட்டர் தொலைவில்கூட ஒலி 113 டெசிபெல் இருந்தது. பணியிடங்களில் காதைப் பாதுகாக்க அமெரிக்க நிறுவனம் ஒன்று பரிந்துரைக்கும் கணக்கின்படி 85 டெசிபெல் ஒலியில் எட்டு மணி நேரம் இருக்கலாம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் அந்த நேரம் பாதியாகிக்கொண்டே போகும். 100 டெசிபெலில் 15 நிமிடம். 112 டெசிபெலில் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. பின்வரிசைக்காரர் இடைவேளை வரை ஊதினால் முன்வரிசைக்காரரின் அன்றைய பங்கு பலமுறை தீர்ந்துபோயிருக்கும். ஆட்டம் முடிந்து வெளியே வந்த பிறகும் காதில் 'கொய்ங்' என்று கேட்டுக்கொண்டிருப்பது, உட்காதின் நுண்ணிய மயிரணுக்கள் அளவுக்கு மீறி அடிபட்டதன் அடையாளம். நுரையாலான சாதாரணக் காதடைப்பானைச் சரியாகப் பொருத்திக்கொண்டால் இந்த ஆபத்து பெருமளவு குறையும்.

இந்தக் குழல் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரே விடை இல்லை. உரிமை கோருவோர் பலர் இருக்கிறார்கள். கைசர் சீஃப்ஸ் என்ற தென்னாப்பிரிக்கக் கால்பந்து அணியின் புகழ்பெற்ற ரசிகரான ஃபிரெடி மாக்கே, சைக்கிள் ஹாரனின் ரப்பர் குமிழைக் கழற்றிவிட்டு வாயால் ஊதத் தொடங்கியதிலிருந்தே இது பிறந்தது என்றும், அது 1965ஆம் ஆண்டில் நடந்தது என்றும் சொன்னார். பின்னர் அதோடு குழாயை இணைத்து நீளமாக்கினார். உலோகக் குழலுடன் அரங்கில் அவர் நிற்கும் பழைய புகைப்படங்களும் உண்டு. உலோகக் குழல் கைகலப்பில் ஆயுதமாகிவிடும் என்று அரங்குகளில் மறுக்கப்பட்டதால், நெகிழிக்கு மாற வேண்டிய தேவை எழுந்தது என்பது அவர் தரப்பு. 2001 வாக்கில் கேப் டவுனைச் சேர்ந்த மாசின்செடானே ஸ்போர்ட் என்ற நிறுவனத்தின் நீல் வான் ஸ்கால்க்விக் அதை நெகிழியில் பெருமளவில் வார்த்து விற்கத் தொடங்கினார். ஐசையா ஷெம்பே நிறுவிய நசரேத் பாப்டிஸ்ட் திருச்சபையினரோ, தங்கள் வழிபாட்டிலும் யாத்திரையிலும் ஊதப்படும் குழலிலிருந்தே இது எடுக்கப்பட்டது என்று உரிமை கோரினர். கூடூ மானின் கொம்பை ஊதி ஊரைக் கூட்டிய வழக்கத்தின் தொடர்ச்சி என்று சொல்வோரும் உண்டு. அந்தக் கதை கேட்க நன்றாக இருக்கிறது, சுற்றுலாக் கையேடுகளுக்கும் பொருந்துகிறது. ஆனால் சைக்கிள் ஹாரன் கதைதான் எனக்கு நம்பத்தக்கதாகப் படுகிறது. ஆட்டம் பார்க்கப் போகிறவர் கையில் கிடைத்ததை எடுத்துச் சத்தம் எழுப்புவதுதான் எங்கும் நடப்பது. பெயரைப் பற்றியும் இழுபறி உண்டு. 'வுவு' என்று ஒலிப்பதால் ஜூலு மொழியில் அமைந்த பெயர் என்பது ஒரு விளக்கம். செட்ஸ்வானா மொழியில் இதற்கு லெபடாட்டா என்று வேறு பெயரே இருக்கிறது.

உலகக் கோப்பைக்கு ஓராண்டு முன்பே, 2009 ஜூனில் தென்னாப்பிரிக்காவில் நடந்த கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையில் சிக்கல் வெளிப்பட்டுவிட்டது. ஐரோப்பிய ஒளிபரப்பாளர்கள் முறையிட்டார்கள். ஸ்பெயின் அணியின் சாபி அலோன்சோ அதைத் தடை செய்ய வேண்டும் என்றார். ஃபிஃபாவின் அப்போதைய தலைவர் செப் பிளாட்டர், ஆப்பிரிக்காவில் நடக்கும் உலகக் கோப்பையை ஐரோப்பியமாக்க முயலக்கூடாது என்று சொல்லி மறுத்துவிட்டார். 2010இல் ஆட்டங்கள் தொடங்கியதும் பிரான்ஸ் அணித்தலைவர் பட்ரிஸ் எவ்ரா, காலை ஆறு மணிக்கே ஊதத் தொடங்கிவிடுவதால் தூங்க முடியவில்லை, களத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை என்று குறைபட்டுக்கொண்டார். (பிரான்ஸ் அந்தத் தொடரில் ஒரு வெற்றிகூடப் பெறாமல் முதல் சுற்றிலேயே வெளியேறியதற்கு வுவுசெலாவைவிடப் பெரிய காரணங்கள் இருந்தன என்பது வேறு கதை.) இதை ஆப்பிரிக்கர் ஒரு பக்கம், ஐரோப்பியர் மறுபக்கம் என்று நின்ற சண்டையாகச் சுருக்கிவிடவும் முடியாது. போட்டி அமைப்புக் குழுவின் தலைமைச் செயல் அலுவலரான டேனி ஜோர்டானே, தமக்குப் பாட்டுத்தான் பிடிக்கும், விடுதலைப் போராட்டக் காலத்தில் தாங்கள் பாடித்தான் திரண்டோம் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

ஜோர்டானின் பேச்சில் விஷயத்தின் மையம் இருக்கிறது. அரங்கின் ஓசை ஆட்டத்தின் ஒரு பகுதி. கண்ணை மூடிக்கொண்டு ஒரு கால்பந்து ஆட்டத்தைக் கேட்டுப் பாருங்கள்: பந்து தற்காப்பு வீரர்களிடையே சும்மா உருளும்போது முணுமுணுப்பு, ஒருவர் பிரிந்து ஓடத் தொடங்கியதும் எழும்பும் இரைச்சல், பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பும்போது ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே சமயத்தில் விடும் 'ஆ', நடுவர் தவறாகத் தீர்ப்பளித்ததும் கிளம்பும் ஊளை. மனிதத் தொண்டையால் இத்தனையையும் சொல்ல முடிகிறது. வுவுசெலாவால் முடியாது, ஏனென்றால் அதனிடம் இருப்பது ஒரு சுரம். மகிழ்ச்சிக்கும் அதே சுரம், ஏமாற்றத்துக்கும் அதே சுரம், ஒன்றும் நடக்காத இருபது நிமிடங்களுக்கும் அதே சுரம். அது உரத்து ஒலித்தது என்பதைவிட, மாறாமல் ஒலித்தது என்பதுதான் பார்வையாளர்களைச் சோர்வடையச் செய்தது என்பது என் கருத்து. ஊதுபவருக்கோ நிலைமை வேறு. அவர் மூச்சும் உதடும் உடலும் ஆட்டத்தில் பங்கெடுக்கின்றன. ஊதுவதன் இன்பம் ஊதுபவருக்கு, கேட்பதன் அலுப்பு கேட்பவருக்கு.

அரங்குக்குள் இருந்தவர்களைவிட வீட்டிலிருந்தவர்களுக்கு அலுப்பு கூடுதலாக இருந்ததற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. நேரில் இருப்பவரின் இரண்டு காதுகளும், அவரது மூளையும் சேர்ந்து, வலப்பக்கத்துக் குழல் எது, பின்னாலிருந்து வருவது எது, பக்கத்து இருக்கைக்காரர் பேசுவது எது என்று பிரித்துவிடுகின்றன. வேண்டாததைப் பின்னுக்குத் தள்ளவும் செய்கின்றன. களத்தைச் சுற்றி வைக்கப்படும் ஒலிவாங்கிகளுக்கு அந்தத் தேர்வு தெரியாது. எல்லாத் திசைகளிலிருந்தும் வந்ததைக் கலந்து, வீட்டுப் பெட்டியின் இரண்டு சிறிய ஒலிபெருக்கிகளுக்குள் அடைத்துவிடும்போது, வர்ணனையும் வுவுசெலாவும் ஒரே இடத்திலிருந்து வருவதாகவே காதுக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் அந்த ஒரு சுரத்தை மட்டும் வெட்டியெடுக்க முடியாதா என்று பொறியாளர்கள் இறங்கினார்கள். முடியும், ஓரளவு. 233, 466, 932, 1864 ஹெர்ட்ஸ் என்ற நான்கு இடங்களில் குறுகிய வெட்டு வடிகட்டிகளை வைத்தால் ரீங்காரத்தின் முதுகெலும்பு முறிந்துவிடும். இந்த எண்கள் அந்த ஜூன் மாதத்தில் இணையமெங்கும் சுற்றிவந்தன. கணினியில் ஆட்டம் பார்த்தவர்கள் தாமே அமைத்துக்கொண்டார்கள். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஒரு வடிகட்டியை வடிவமைத்தார்கள். ஆனால் இரண்டு இடையூறுகள். முதலாவது, குழல்கள் யாவும் சரியாக ஒரே சுரத்தில் இல்லாததால் வெட்டை அகலமாக்க வேண்டும். அகலமாக்கினால் வர்ணனையாளரின் குரலும் சேர்ந்து வெட்டுப்படுகிறது, ஏனென்றால் மனிதப் பேச்சின் உயிரொலிகள் குடியிருப்பதும் இதே தெருவில்தான். வர்ணனையாளர் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போல ஒலிப்பார். இரண்டாவது, குறுகிய வெட்டுகள் கீழ்ப்படிகளை மட்டுமே அகற்றுவதால் மேற்படிகளின் சீறல் அப்படியே நின்றுவிடும்.

இந்தச் சமயத்தில் ஒரு வேடிக்கையும் நடந்தது. வுவுசெலாவின் ஒலியை நேர்மாறாகத் திருப்பிப் பதிவு செய்த எம்பி3 கோப்பை இணையத்தில் விற்றார்கள்; ஆட்டத்தின்போது அதை ஓடவிட்டால் ஓர் ஒலி மற்றதை அழித்துவிடும் என்றார்கள். ஓர் அலையின் மேடும் மற்றதன் பள்ளமும் பொருந்தினால் இரண்டும் அழியும் என்ற விதி உண்மைதான். ஒலி நீக்கும் காதணி ஒலிப்பான்கள் அப்படித்தான் இயங்குகின்றன. ஆனால் அவை வெளியொலியை நுண்ணிய ஒலிவாங்கியால் கேட்டு, அந்தக் கணமே எதிரலையை உண்டாக்குகின்றன. முன்னரே பதிவான கோப்புக்கு, டர்பன் அரங்கில் இந்த நொடியில் ஊதப்படும் பல்லாயிரம் குழல்களின் மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று எப்படித் தெரியும்? வாங்கியவர்களுக்குக் கிடைத்தது இன்னும் கொஞ்சம் வுவுசெலா.

சத்தத்தோடு இன்னொன்றும் அந்தக் குழலிலிருந்து வெளிவருகிறது என்பதை 2011இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ரூத் மக்னெர்னி குழுவினர், எட்டுப் பேரை வுவுசெலா ஊதவும் உரக்கக் கத்தவும் செய்து, வெளிவரும் காற்றிலுள்ள நுண்துளிகளை எண்ணினர். கத்தும்போது லிட்டருக்குச் சராசரியாக 3,700 துகள்கள், ஊதும்போது 6,58,000. நுரையீரலின் அடிவரை சென்றடையும் அளவுக்கு நுண்ணியவை அவை. சளி, காய்ச்சல் உள்ளவர்கள் கூட்டத்தில் ஊத வேண்டாம் என்று அவர்கள் சொன்னதற்கு இந்த எண்களைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

உலகக் கோப்பை முடிந்த வேகத்தில் கதவுகள் சாத்தப்பட்டன. 2010 செப்டம்பர் 1 அன்று ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியமான யூஈஎஃப்ஏ தன் போட்டிகள் அனைத்திலும் வுவுசெலாவுக்குத் தடை விதித்தது. ரசிகர்களும் வீரர்களும் களத்துக்கும் இருக்கைகளுக்கும் இடையே உணர்வைப் பரிமாறிக்கொள்வதே கால்பந்தின் மாயம், அதை இந்தக் குழல் மூழ்கடித்துவிடும் என்று அது காரணம் சொன்னது. 2011இல் நியூசிலாந்தில் நடந்த ரக்பி உலகக் கோப்பையும் அதை உள்ளே விடவில்லை. அதே 2010இல்தான் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி ஒன்றில் அந்தச் சொல் இடம்பெற்றது.

அரங்கில் சத்தம் எழுப்பும் கருவி வுவுசெலாவோடு தொடங்கியதும் அன்று. பிரிட்டிஷ் ரசிகர்கள் ஒரு காலத்தில் பற்சக்கரம் வைத்த மரக் கிலுகட்டையைச் சுழற்றி 'கடகட'வென்று ஒலியெழுப்பினர். பிரேசிலிலும் மெக்சிகோவிலும் நெகிழிக் குழல் ஊதும் வழக்கம் 2010க்குப் பல பத்தாண்டுகள் முந்தியது. அழுத்தக் காற்றுக் குப்பியில் இயங்கும் ஹாரன் இன்னொரு வகை. அதில் உதடுக்குப் பதிலாக மெல்லிய தகடு அதிர்கிறது, பொத்தானை அழுத்தினால் போதும், மூச்சே வேண்டாம். மூச்சு வேண்டாம் என்பதாலேயே அது வுவுசெலாவைவிட மோசமானது. குப்பி தீரும்வரை ஊதுபவர் களைப்படைவதில்லை.

2014 உலகக் கோப்பையை நடத்திய பிரேசில், வுவுசெலாவுக்கு மாற்றாகத் தனக்கென்று ஒன்றை உருவாக்கிப் பார்த்தது. இசைக்கலைஞர் கார்லின்யோஸ் பிரவுன் வடிவமைத்த காஷிரோலா என்ற அந்தக் கருவி, பிடி வைத்த கையடக்கக் கிலுகிலுப்பை. உள்ளே இருக்கும் மணிகள் ஒன்றோடொன்று உரசும்போது குறிப்பிட்ட சுரம் எதுவும் எழாமல், இலைகளின் மேல் மழை விழுவது போன்ற மெல்லிய சலசலப்பு மட்டுமே எழும். ஒலியின் கோணத்திலிருந்து பார்த்தால் வுவுசெலாவின் குறைகள் அனைத்துக்கும் அதில் விடை இருந்தது. 2013 ஏப்ரலில் சால்வடோர் நகரில் பாஹியா அணியும் விட்டோரியா அணியும் மோதிய ஆட்டத்தில் அதை ரசிகர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். சொந்த அணி தோற்றுக்கொண்டிருந்ததைப் பொறுக்காத பாஹியா ரசிகர்கள் அவற்றைக் குலுக்குவதை நிறுத்திவிட்டு, நூற்றுக்கணக்கில் களத்துக்குள் வீசி எறிந்தார்கள். வீரர்களே அவற்றைப் பொறுக்கி ஓரம் சேர்க்க வேண்டியிருந்தது. உலகக் கோப்பை அரங்குகளுக்குள் காஷிரோலாவும் அனுமதிக்கப்படவில்லை.